வாசிப்பு, இலக்கணம், கதை எழுதுதல்: பெற்றோரும் தன்னார்வலர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாலை வகுப்பில் நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்களும் புதிதாகச் சேரும் தன்னார்வலர்களும் வாசலில் நின்று கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுப் பாடநூலை மனத்தில் வைத்துச் சொன்னவை.

பையன் கடகடன்னு வாசிக்கிறான். என்ன படிச்சேன்னு கேட்டா முழிக்கிறான். ஏன்?

முதலில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அதே பத்தியை நீங்கள் வாசியுங்கள், அவன் புத்தகத்தைப் பார்க்காமல் கேட்கட்டும். பிறகு கேள்வி கேளுங்கள். காதால் கேட்டபோது சரியாகச் சொல்கிறான் என்றால் அவனுக்கு விஷயம் புரியாமல் இல்லை, வாசிக்கும் வேலையே அவன் கவனத்தை எல்லாம் தின்றுவிடுகிறது. கேட்டும் சொல்லத் தெரியவில்லை என்றால் சிக்கல் வேறு: பத்தியில் வரும் சொற்கள் அவனுக்குத் தெரியாது, அல்லது அதில் பேசப்படும் விஷயமே புதிது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலேயே "இன்னும் நாலு தடவை படி" என்று சொல்லிவிடுகிறார்கள்.

கடகடவென்று வாசிக்கும் பிள்ளைகள் பலர் முற்றுப்புள்ளியில் நிற்பதே இல்லை. வேகமாக வாசித்தால் பாராட்டுக் கிடைக்கும் என்று எங்கோ பழகியிருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நிறுத்தச் செய்து, "இப்ப என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் அவன் வீட்டுப் பேச்சில் வரட்டும். புத்தக நடையில் சொல்லச் சொன்னால் ஒப்பிப்பான்.

ஆறாம் வகுப்பு வந்துட்டா, இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறா. இப்போ பத்தி, கேள்வி பதில் எல்லாம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் காது வழியாக. நீங்கள் வாசியுங்கள், அவள் பதில் சொல்லட்டும். எழுத்துப் பயிற்சியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முடியட்டும், அப்புறம் அடுத்தது என்று காத்திருந்தால் எட்டாம் வகுப்பு வந்துவிடும்.

247 எழுத்தையும் முதலிலிருந்து எழுதச் சொல்லாதீர்கள். உயிரும் மெய்யும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். தடுக்குவது வழக்கமாகச் சில இடங்களில்தான்: கெ - கே, கொ - கோ வேறுபாடு, கௌ, அப்புறம் உகர ஊகாரக் குறிகள். உகரக் குறி எழுத்துக்கு எழுத்து மாறும். கு, சு, து, மு நான்கையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், பிள்ளை ஏன் குழம்புகிறது என்று தெரிந்துவிடும். அவள் எதில் தடுக்குகிறாளோ அதை மட்டும் குறித்துவைத்துப் பயிற்சி கொடுங்கள்.

படிக்கக் கொடுப்பது அவள் வகுப்புப் பாடமாக இருக்க வேண்டும் என்று இல்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வந்திருக்கின்றன. மெல்லிய புத்தகங்கள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளையானாலும் 'நுழை'யில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு புத்தகத்தை முழுதாக முடித்தேன் என்ற எண்ணம் அவளுக்கு முதலில் வர வேண்டும்.

கேள்வியில இருக்கிற வார்த்தையைப் பத்தியில தேடி, அந்த வரியை அப்படியே எழுதிடுறான். மார்க்கும் வருது. அப்புறம் ஏன் மாத்தணும்?

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். வகுப்பில் நான் பயன்படுத்தும் ஒரு பத்தி இது:

"செல்வி பள்ளியிலிருந்து வந்ததும் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள். தொழுவம் காலியாக இருந்தது. முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது. அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். 'கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்' என்றாள். அன்று சந்தை நாள்."

"செல்வி பையை எங்கே வைத்தாள்?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். பத்தியைப் புரிந்துகொள்ளாத பிள்ளையும் எழுதும். கேள்வியில் 'பை' இருக்கிறது, பத்தியிலும் 'பை' இருக்கிறது, பக்கத்தில் உள்ளதைப் பெயர்த்தெழுதினால் முடிந்தது. இப்போது "செல்வி எதைத் தேடி ஓடினாள்? அது என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். கன்று என்றோ ஆடு என்றோ பத்தியில் இல்லை. விற்றார்கள் என்றும் இல்லை. தொழுவம், முளைக்குச்சி, கயிறு, சந்தை நாள், அம்மா முகம் பார்க்காதது எல்லாவற்றையும் சேர்த்தால்தான் விடை கிடைக்கும். பெயர்த்தெழுதியே பழகிய பிள்ளை இங்கே "பத்தியில இல்லையே" என்று நின்றுவிடும்.

மதிப்பெண் வருவது உண்மைதான். கீழ் வகுப்புகளில் பெரும்பாலான கேள்விகள் அப்படித்தான் அமைகின்றன. ஆனால் மேல் வகுப்புகளில் ஆசிரியர் சொல்ல வருவது என்ன, இந்தப் பாத்திரத்தின் குணம் எப்படிப்பட்டது என்றெல்லாம் கேட்கும்போது பெயர்த்தெழுத வரி இருக்காது. அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் இதே பழக்கம்தான் காலை வாரும். நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்கிவிட்டதாகப் பெற்றோர் என்னிடம் சொல்லும்போது, நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அந்த மாதிரிக் கேள்வியெல்லாம் தயாரிக்க நான் டீச்சர் இல்லையே?

தயாரிக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: "உனக்கு எப்படித் தெரியும்?" பிள்ளை எந்த விடை சொன்னாலும், சரியோ தவறோ, இதைக் கேளுங்கள். "கன்றுக்குட்டியை வித்துட்டாங்க" என்றால், எப்படித் தெரியும்? "சந்தை நாள்னு போட்டிருக்கு." வேறு? "அம்மா முகத்தைப் பார்க்கல." பத்தியில் அந்த இடங்களைப் பிள்ளை விரலால் காட்டட்டும். விற்றது கன்று இல்லை, ஆடு என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவும் சரியே, தொழுவத்தில் ஆட்டையும் கட்டுவார்கள். குதிரை என்று சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

தவறான விடைக்கு மட்டும் இதைக் கேட்டால் கெட்டுவிடும். "எப்படித் தெரியும்" என்றாலே தப்பு என்று பிள்ளைக்குப் புரிந்துபோய், உடனே வேறு விடைக்குத் தாவும். பாடநூல் கையில் இல்லாத நேரத்தில் ரேஷன் கடைப் பலகை, மருந்து அட்டை, கல்யாணப் பத்திரிகை, மின்தடை அறிவிப்பு எதையும் வைத்துக் கேட்கலாம். கல்யாணப் பத்திரிகை இதற்கு அருமையான பத்தி. மணமகள் எந்த ஊர், வரவேற்பு முகூர்த்தத்துக்கு முந்தியா பிந்தியா, அழைப்பவர் மணமக்களுக்கு என்ன உறவு என்று எவ்வளவோ கேட்கலாம்.

தெரியாத சொல் வந்தா உடனே அகராதி பார்க்கச் சொல்லணுமா?

உடனே வேண்டாம். வாக்கியத்தை முடித்துவிட்டு, அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கட்டும். 'முளைக்குச்சி' நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் கயிறு அதில்தான் கிடந்தது என்பதை வைத்தே பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஊகித்த பிறகு அகராதியோ உங்கள் விளக்கமோ வரட்டும். ஒரு பத்தியில் வரிக்கு வரி தெரியாத சொல்லாக இருந்தால் அந்தப் பத்தியே அந்தப் பிள்ளைக்கு ஏற்றதல்ல, மாற்றுங்கள்.

'ஏற்ற தலைப்பு தருக' வந்தா முதல் வரியில இருக்கிற பேரை எழுதிட்டு வந்துடுறா.

மேலே உள்ள பத்திக்கு 'செல்வி' என்று தலைப்பிட்டால் தவறில்லை, ஆனால் எதுவும் சொன்னதாகாது. மூன்று தலைப்பு எழுதச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் பெரும்பாலும் நன்றாக இருக்கும். 'காலித் தொழுவம்', 'சந்தை நாள்' எல்லாம் அப்படி என் வகுப்பில் வந்தவை. மையக் கருத்துக்கும் இதே வழிதான், தலைப்பை ஒரு முழு வாக்கியமாக நீட்டினால் போதும்.

இலக்கணத்தை எங்கிருந்து ஆரம்பிக்கிறது? கற்கண்டுப் பக்கத்தைப் பார்த்தாலே ஓடுறான்.

பாடநூலில் இலக்கணப் பகுதிக்குக் கற்கண்டு என்று பெயர் வைத்தவர்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. பிள்ளை எழுதிய நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அவன் எழுதிய பத்து வரியை எடுத்துப் பார்த்தால், எந்த வகைப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். அதற்குரிய விதியை மட்டும் அன்று எடுங்கள். விதி எங்கே உதவுகிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

வரிசை கேட்பவர்களுக்கு என் வரிசை: முதலில் எழுத்துப் பிழை, பிறகு எழுவாய்க்கு ஏற்ற வினைமுற்று, அதற்குப் பிறகு சந்தி, அதாவது இரண்டு சொல்லுக்கு நடுவில் க், ச், த், ப் வருமா வராதா என்பது. வகைகளின் பெயர்களை ஒப்பிப்பது தேர்வுக்குத் தேவைதான், அதைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.

முயற்ச்சி, காட்ச்சி, கற்க்க... எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாலும் இந்தப் பிழை போகலை.

இம்போசிஷன் கொடுத்தால் போகாது. ஒரே ஒரு விதியில் போய்விடும். ட், ற் இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, கற்க, கற்பனை, காட்சி, நட்பு, வெட்கம் என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் சரி. அடுத்தடுத்து இரண்டு புள்ளி வைக்கக் கை போனால், முதல் புள்ளி ட் அல்லது ற் மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் இரண்டாவது எழுத்தை அடித்துவிடலாம்.

அப்படியென்றால் 'வாழ்க்கை', 'காய்ச்சல்', 'பார்த்தான்' எப்படி வந்தன என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். ய், ர், ழ் மூன்றுக்கும் அந்த உரிமை உண்டு, அவற்றின் பின் இன்னொரு மெய் வரலாம். ஆக விதி இரண்டே வரி: ய், ர், ழ் பக்கத்தில் புள்ளி எழுத்து வரும், ட், ற் பக்கத்தில் வராது. பிள்ளைகள் இதைக் கற்ற அன்று சுவரொட்டிகளில் எல்லாம் 'பயிற்ச்சி மையம்' தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். தேடவிடுங்கள்.

ல, ள, ழ... ன, ண... எனக்கே குழப்பம். நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?

உச்சரித்துக் காட்டுவது நல்லதுதான். ஆனால் பல ஊர்களில் ழகரம் பேச்சிலேயே இல்லை, ன, ண வேறுபாடும் காதில் விழுவதில்லை. அதனால் உச்சரிப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது. எழுத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய சில பிடிகள் உண்டு. ட-வுக்கு முன்னால் ண் (வண்டு), ற-வுக்கு முன்னால் ன் (கன்று), த-வுக்கு முன்னால் ந் (பந்து). ஆறாம் வகுப்பில் இன எழுத்துகள் என்று வரும் பாடம் இதுதான். பலர் அதை மனப்பாடப் பகுதி என்று தாண்டிவிடுகிறார்கள், எழுத்துப் பிழைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

வினைச்சொல்லில் லகரமா ளகரமா ழகரமா என்று சந்தேகம் வந்தால் இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். வெல் - வென்றான், நில் - நின்றான், சுழல் - சுழன்றான்: ன்ற வந்தால் ல். கொள் - கொண்டான், உருள் - உருண்டான், மிரள் - மிரண்டான்: ண்ட வந்தால் ள். வாழ் - வாழ்ந்தான், தவழ் - தவழ்ந்தான்: ந்த வந்தால் ழ். கல் - கற்றான், கேள் - கேட்டான் என்று போனாலும் ல் பக்கம் ற, ள் பக்கம் ட என்ற குடும்பம் மாறாது. துள்ளு, அள்ளு போல உகரத்தில் முடியும் சொற்களுக்கு இந்த வழி உதவாது. பெயர்ச்சொற்களுக்கும் உதவாது, அங்கே கரை - கறை, மனம் - மணம், வலி - வழி என்று இணை இணையாக வாக்கியத்தில் வைத்துப் பழக்குவதுதான் வழி. 'கரையில் நின்றவன் சட்டையில் கறை' என்று பிள்ளைகளே வேடிக்கையாக வாக்கியம் கட்டட்டும்.

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் பட்டியல் முழுசும் மனப்பாடம் பண்ணணுமா?

எட்டாம் வகுப்புக்குள் வேண்டாம். அன்றாடம் எழுதுவதில் பெரும்பகுதியைச் சில விதிகளே சமாளித்துவிடும். க, ச, த, ப நான்கில் ஒன்றில் அடுத்த சொல் தொடங்கும்போதுதான் இந்தப் பேச்சே எழுகிறது, இதை முதலில் சொல்லுங்கள். 'அந்த மரம்' என்பதில் ஒற்று (நடுவில் கூடுதலாக வரும் புள்ளி எழுத்து) போட இடமே இல்லை. பிறகு: அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி வந்தால் மிகும் (அந்தப் பையன், எப்படிச் சொன்னாய்). ஐ, கு என்ற வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வந்தால் மிகும் (பாலைக் குடித்தான், ஊருக்குப் போனான்).

மிகாத இடங்கள்: அது, இது, எது (அது பெரியது), ஒரு, இரண்டு போன்ற எண்கள் (ஒரு புத்தகம்; எட்டும் பத்தும் மட்டும் விலக்கு, பத்துப் புத்தகங்கள்), வந்த பையன், படித்த பாடம் போன்ற பெயரெச்சங்கள். இவை போதும். ஒற்று ஏன் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு 'வேலை கொடுத்தார்', 'வேலைக் கொடுத்தார்' இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். முதலாவதில் சம்பளம் வரும், இரண்டாவதில் முருகன் கையில் இருப்பது வரும்.

'மாடுகள் மேயுது'ன்னு எழுதுறா. நாம அப்படித்தானே பேசுறோம்?

ஆமாம், பேச்சில் அது சரி. அவள் பேச்சைத் தப்பு என்று சொல்லாதீர்கள், வீட்டில் பேசுவது தப்பு என்று கேட்ட பிள்ளை எழுதவே பயப்படும். "எழுதும்போது இப்படி" என்று மட்டும் சொல்லுங்கள். மாடு மேய்கிறது, மாடுகள் மேய்கின்றன. வந்துச்சு - வந்தது, போனாங்க - போனார்கள், வாங்கிக்கிட்டு - வாங்கிக்கொண்டு. இப்படி இரண்டையும் எதிரெதிரே எழுதி ஒரு தாள் தயாரித்து நோட்டுக்குள் ஒட்டிக்கொள்ளலாம். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது.

வாக்கியம் நீளமாகும்போதுதான் எழுவாய்க்கும் வினைக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. 'குளத்தங்கரையில் இருந்த பெரிய ஆலமரத்தின் கிளைகள் முறிந்து விழுந்தது' என்று பெரியவர்களே எழுதுகிறார்கள். வினையைத் தொட்டுக்கொண்டு "எது விழுந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். கிளைகள். அப்படியானால் விழுந்தன.

ஒரு, ஓர் எங்கே? அல்ல, அன்று எங்கே?

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஓர் (ஓர் ஊர், ஓர் ஆடு), மற்றவற்றுக்கு ஒரு. அன்று ஒருமைக்கு, அல்ல பன்மைக்கு: இது பழம் அன்று, இவை பழங்கள் அல்ல. இன்றைய எழுத்தில் 'அல்ல' இரண்டுக்கும் வருகிறது, நானே மேலே ஓரிடத்தில் 'ஏற்றதல்ல' என்று எழுதியிருக்கிறேன். தேர்வில் கேட்டால் விதிப்படி எழுதட்டும்.

நோட்டைத் திருத்தும்போது எல்லாப் பிழையையும் வட்டம் போடலாமா?

கூடாது. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை பார்ப்பது மதிப்பெண்ணை மட்டும்தான். இந்த வாரம் ட், ற் விதி என்றால் அந்தப் பிழையை மட்டும் குறியுங்கள், அதையும் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து விட்டுவிடுங்கள். எந்தச் சொல் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். மற்ற பிழைகள் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

கதை எழுதச் சொன்னா 'ஒரு ஊரில் ஒரு ராஜா'தான். அதுக்கு மேல நகர மாட்டேங்குது.

ராஜாவைப் பார்த்திருந்தால் நகரும். பார்த்ததே இல்லை, அவர் காலையில் என்ன செய்வார் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் இரண்டாம் வரியிலேயே வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார். பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் கதையை வையுங்கள்: பேருந்து நிறுத்தம், தண்ணீர் லாரி வரும் தெரு, மின்சாரம் போன இரவு, சத்துணவுக் கூடம். அங்கே ஒரு ஆளை நிறுத்தி இரண்டு கேள்வி: அவருக்கு என்ன வேண்டும்? அது கிடைக்காமல் எது தடுக்கிறது? தண்ணீர் லாரி வந்துவிட்டது, பாட்டிக்கு இரண்டு குடம் வேண்டும், ஆனால் வரிசையில் அவர் குடம் வைத்த இடத்தில் இப்போது வேறு குடம் இருக்கிறது. இங்கே ஒரு கதை இருக்கிறது, சண்டையும் இருக்கிறது. பிள்ளைகள் சண்டையை மிக நன்றாக எழுதுவார்கள்.

செல்வி பத்தியையே தொடர்ந்து எழுதச் சொல்லலாம். வாசித்துப் புரிந்தவர்களுக்குக் கதை தானாக வரும். அன்று இரவு செல்வி சாப்பிட்டாளா, அப்பா எப்போது வந்தார், கன்றை விற்ற பணம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். பணம் செல்வியின் புது சைக்கிளுக்கு என்று முடித்த கதையும் வந்திருக்கிறது, அக்காவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று முடித்ததும் வந்திருக்கிறது.

எழுதுவதற்கு முன் சொல்லச் சொல்லுங்கள். வாயால் ஐந்து நிமிடம் சொல்லும் பிள்ளை தாளில் நான்கு வரியோடு நிறுத்துவது எழுத்துப் பயத்தால். போனில் பதிவுசெய்து, அதைக் கேட்டுக் கேட்டு எழுதவிடலாம். முதல் முறை எழுதும்போது பிழை பார்க்காதீர்கள், திருத்துவது பற்றி மேலே சொன்னது இரண்டாம் முறைக்கு.

'குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக'ன்னு வந்தா, கோட்டுக்கு நடுவுல நிரப்பினா போதும்னு நினைக்கிறான்.

குறிப்பு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: முதியவர் - பேருந்து - பையை மறத்தல் - நடத்துநர் - வீடு தேடி வருதல் - மகிழ்ச்சி. வரும் கதை: 'ஒரு முதியவர் இருந்தார். அவர் பேருந்தில் சென்றார். பையை மறந்தார். நடத்துநர் பையை எடுத்தார். வீடு தேடி வந்தார். முதியவர் மகிழ்ச்சி அடைந்தார்.' இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, கதையும் இல்லை.

குறிப்புக்கும் குறிப்புக்கும் நடுவில் இருக்கும் கோட்டைக் காட்டி, "இங்கே என்ன நடந்தது?" என்று கேளுங்கள். நடத்துநருக்கு முதியவரின் வீடு எப்படித் தெரிந்தது? இதற்கு விடை இல்லாமல் கதை நகராது. பையில் குடும்ப அட்டை இருந்தது, அதில் முகவரி இருந்தது என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தால், பையில் வேறு என்ன இருந்தது என்ற கேள்வி தானாக வரும். ரேஷன் சர்க்கரை, பேத்திக்கு வாங்கிய ரிப்பன். இப்போது முதியவர் ஏன் பதறினார் என்பதும் தெரிகிறது. கடைசிக் குறிப்பான 'மகிழ்ச்சி'யை அந்தச் சொல்லாலேயே எழுத வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன செய்தார்? நடத்துநரை உட்காரவைத்து மோர் கொடுத்தார். தேர்வில் மட்டும் குறிப்புச் சொற்கள் எல்லாம் கதையில் எங்காவது வந்திருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும். விடுபட்டால் மதிப்பெண் போகும்.

கதையில பேச்சுவழக்கு வரலாமா?

பாத்திரம் பேசும் இடத்தில் வரலாம், மேற்கோள் குறிக்குள். செல்வியின் அம்மா 'கழுவிட்டு வா' என்கிறாள், கதை சொல்பவர் 'என்றாள்' என்கிறார். மாடுகள் மேய்வதைப் பற்றிச் சொன்ன எதிரெதிர்த் தாள் இங்கேயும் உதவும், குறிக்குள் இடப்பக்கம், வெளியே வலப்பக்கம். தேர்வில் சில ஆசிரியர்கள் குறிக்குள் வரும் பேச்சுவழக்கையும் பிழை என்று கருதுவார்கள், பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியில 'நீதி' எழுதணுமா?

கேள்வியில் கேட்டிருந்தால் எழுத வேண்டும். கேட்காவிட்டால் வேண்டாம். 'திடீரென்று விழித்தேன், எல்லாம் கனவு' என்று முடிப்பதையும் எங்கள் வகுப்பில் தடை செய்திருக்கிறோம்.

போன்ல ஏஐகிட்ட கேட்டுக் கதை எழுதிட்டு வர்றான். நல்லாவே இருக்கு. என்ன பண்றது?

திட்டாமல் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று தொடங்குங்கள். இந்தப் பாட்டி ஏன் கோபப்பட்டார்? இந்த ஊர் எங்கே இருக்கிறது? பதில் இல்லை என்றால் கதை அவனுடையது இல்லை என்று அவனுக்கே தெரிந்துவிடும். பிறகு அந்தக் கதையையே வைத்து வேலை வாங்கலாம். நம் தெருவில் நடக்க முடியாத விஷயங்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள், அவற்றை நம் தெருவுக்கு ஏற்ப மாற்றி எழுதட்டும். மாற்றி முடிக்கும்போது பாதிக்கு மேல் அவன் கதையாகியிருக்கும். முதல் வடிவம் வகுப்பிலேயே, கையால் எழுதப்பட வேண்டும் என்ற ஏற்பாடு எல்லாவற்றையும்விட எளிது.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எழுத்தை மாத்தி மாத்தித்தான் எழுதுறா. கற்றல் குறைபாடா இருக்குமோ?

முதலில் கண்ணும் காதும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையைச் சோம்பேறி என்று வருடக்கணக்கில் திட்டியவர்கள் உண்டு. அது சரியாக இருந்து, காதால் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்கிறாள் (முதல் கேள்வியில் சொன்ன சோதனை), வாயால் அழகாகச் சொல்கிறாள், வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் தொடர்ந்து தடுமாறுகிறாள் என்றால் நிபுணரிடம் காட்டுவது நல்லது. நானோ நீங்களோ பெயர் சூட்டக் கூடாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது. நான் வீட்டுல என்ன உதவி பண்ண முடியும்?

பாதிக்கு மேல் நீங்கள்தான் செய்ய முடியும். சமைக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றால் நிறுத்தி, "எனக்கு விளங்கல, நீ சொல்லு" என்று கேளுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இப்படிக் கேட்டால் பிள்ளைக்கு அது தேர்வு. நீங்கள் கேட்டால் உண்மையான கேள்வி, விளக்கியே ஆக வேண்டும். "உனக்கு எப்படித் தெரியும்?" என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கதைக்கும் அப்படித்தான். நீங்கள் சின்ன வயதில் பார்த்த வெள்ளம், திருவிழாவில் தொலைந்துபோன தம்பி, முதன்முதலாக ஏறிய ரயில், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். மறுநாள் அதை எழுதிக்கொண்டுவந்து உங்களுக்கே படித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போனது எது, தப்பாக எழுதியது எது என்று உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.